அம்மாவின் பழைய குழப்பமும் புதுக் குழப்பமும்

2023 மே மாதம், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தபோது, என் அம்மா ஒரு ராத்திரி முழுக்கப் படுக்கை விரிப்பில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். மீன் எதுவும் இல்லை. வலது கை விரல்கள் துணியைக் கிள்ளும், ஒரு சின்னத் திருகு, பிறகு ஓரமாக உதறும். அடுத்தது. சின்ன வயதிலிருந்து நான் பார்த்த அதே கை. தலையைக் கிள்ளினால் குடலும் கூடவே வந்துவிட வேண்டும், அதுதான் கணக்கு. விடியும் வரை அந்த விரல்கள் நிற்கவில்லை. "அம்மா, படும்மா" என்று கையைப் பிடித்தால் என்னை யாரோ போலப் பார்த்தார்.

மறதி நோய் முற்றிவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் நான்கு நாட்களைத் தொலைத்தேன். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் அம்மா இருந்திருக்க மாட்டார் என்று பிறகு டாக்டர் சொன்னார். வேறொரு வீட்டில் அந்த நான்கு நாள் வீணாகக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் வைத்து வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்றவர். செவுளைத் தூக்கிப் பார்த்தே எத்தனை நாள் ஐஸில் கிடந்த மீன் என்று சொல்லிவிடுவார். 2020 வாக்கில் மீதிச் சில்லறை கொடுப்பதில் தப்பு வர ஆரம்பித்தது. கணக்கில் என் அம்மாவை யாரும் ஏமாற்ற முடியாது, அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. 2021இல் அரசு மருத்துவமனையில் காட்டினோம். ரத்தத்தில் தைராய்டு, பி12 பார்த்தார்கள், மூளைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று சொல்லி டோனெபசில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே சர்க்கரையும் உண்டு.

அப்புறம் ஒரு மாதிரி பழகிவிட்டோம். ராத்திரி இரண்டரை மணிக்கு எழுந்து புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு வாசலுக்குப் போவார். ஏலத்துக்குப் போகிற நேரம் அது. முப்பது வருடம் அந்த நேரத்துக்கு எழுந்த உடம்பு, திடீரென்று எப்படித் தூங்கும்? "போட்டு வந்துடுச்சா நைனா?" என்று கேட்பார். போட்டு என்றால் மீன்பிடிப் படகு. பகலிலும் அதே கேள்விதான், ஒரு நாளைக்கு எட்டு தடவை, பத்து தடவை. ஆரம்பத்தில் "நீ இப்ப வியாபாரத்துக்குப் போறதில்லம்மா" என்று விளக்குவேன். அழுவார். சண்டை வரும். பிறகு ஏப்ரல் பதினைந்து தாண்டிய ஒரு நாள், "தடைக்காலம்மா, எந்த போட்டும் போகல" என்றேன். "ஆமால்ல" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். 2001இல் மீன்பிடித் தடைக்காலம் கொண்டுவந்தபோது அது 45 நாள். 2017இல்தான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளாக்கினார்கள். அம்மாவுக்கு இன்னும் 45 நாள்தான். "இன்னும் எத்தினி நாள் கீது?" என்று விரல் விட்டு எண்ணுவார். எங்கள் வீட்டில் தடைக்காலம் இப்போது வருடம் முழுக்க நடக்கிறது.

இதெல்லாம் அம்மாவின் பழைய குழப்பம். இதற்கு ஒரு நேரம் உண்டு, ஒரு காரணம் உண்டு, ஒரு பதில் உண்டு. மே மாதம் வந்தது புதுக் குழப்பம். வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் காலை, டீயைக் கையில் கொடுத்தால் டம்ளரை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பகல் முழுக்கத் தூங்கினார். ராத்திரி முழுக்க முழிப்பு, விரிப்பில் நெத்திலி, சுவரில் யாரோ நிற்பதாகப் பேச்சு. இரண்டாம் நாள் தெருமுனைக் கிளினிக்கில் சொன்னேன். வயதானால் அப்படித்தான், நோய் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும் என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டதும் இன்னும் மோசம். நிற்க வைத்தால் கால் மடங்கியது, நாக்கு குழறியது. காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இல்லை. காய்ச்சல் இல்லையென்றால் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று நம்பினேன். நான் செய்த பெரிய தப்பு அது.

நான்காம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். மருத்துவமனையில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, அம்மா ஒண்ணுக்கு எப்பப் போனாங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. என் மனைவியும் யோசித்தாள், அவளுக்கும் தெரியவில்லை. அக்கா அடிவயிற்றில் கை வைத்ததும் அம்மா முனகினார். "வண்டியக் கூப்புடு" என்றார். 108க்குப் போன் செய்தோம்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர், சின்ன வயதுப் பெண், முதலில் கேட்ட கேள்வி நோயைப் பற்றி இல்லை. "போன வாரம் எப்படி இருந்தாங்க?" என்று கேட்டார். போன வாரம் தானாகச் சாப்பிட்டார், தானாக பாத்ரூம் போனார், போட்டு வந்துடுச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார் என்றேன். "அப்ப இது மறதி நோய் இல்ல. இது டெலிரியம்" என்றார். உடம்புக் கோளாறால் திடீரென்று வரும் குழப்பம். சிறுநீரில் கிருமி, சிறுநீர் வெளியே போகாமல் தேங்கியிருந்தது, உடம்பில் நீர் வற்றி ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மறதி நோய் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் நகரும். ஒரு நாளில், இரண்டு நாளில் ஆளே மாறிவிட்டால், முதலில் உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது என்றுதான் நினைக்க வேண்டும். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், நெஞ்சில் சளித் தொற்றாக இருக்கலாம், தண்ணீர் போதாமல் இருக்கலாம். நாலு நாள் மலச்சிக்கல், சர்க்கரை ஏறியது இறங்கியது, எங்கேயோ விழுந்து சொல்லத் தெரியாத வலி, புதிதாகப் போட்ட ஒரு மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். பக்கவாதமாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். வலிக்கிறது, எரிகிறது என்று அவர்களால் சொல்ல முடியாது, குழப்பமாகத்தான் வெளியே வரும். சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் நாமாக வாங்கிக் கொடுக்கும் சில மாத்திரைகளே குழப்பத்தைக் கூட்டிவிடும் என்றும் சொன்னார். அன்றிலிருந்து எந்த மாத்திரை வாங்கினாலும், மறதி நோய் உள்ளவருக்கு இது சரியா என்று கேட்காமல் வாங்குவதில்லை.

வார்டில் ஆறு நாள். பெண்கள் வார்டு என்பதால் ராத்திரி ஆண்கள் தங்கக் கூடாது. என் அம்மா, ஆனால் எட்டு மணிக்கு நான் வெளியே வந்துவிட வேண்டும். என் மனைவியும் எண்ணூரில் இருக்கும் என் கூடப்பிறந்த அக்காவும்தான் மாற்றி மாற்றி ராத்திரி உட்கார்ந்தார்கள். பெற்றவளைப் பார்த்துக்கொண்ட மகன் என்று என்னைச் சொல்கிறார்கள். அந்த ஆறு ராத்திரியும் பார்த்துக்கொண்டது அவர்கள் இரண்டு பேர்.

முதல் ராத்திரி அம்மா குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டதால் கையைக் கட்டிலோடு துணியால் கட்டிவிட்டார்கள். கட்டியதும் அலறல் இரண்டு மடங்கானது. அக்கா நர்ஸிடம் சண்டை போடவில்லை. "நான் கையப் புடிச்சிக்கினே உக்காந்துக்குறேன் சிஸ்டர், கட்ட வேணாம்" என்று கேட்டாள். அவிழ்த்துவிட்டார்கள். ஊசி இருந்த இடம் கண்ணுக்குத் தெரியாதபடி பேண்டேஜைச் சுற்றி, மேலே நீளக் கை ஜாக்கெட்டை இழுத்துவிட்டதும் அம்மா அதை மறந்துவிட்டார். இன்னொரு கையில் ஒரு துண்டைக் கொடுத்தோம். அதைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. கண் சரியாகத் தெரியாத ஒருவரைப் புது இடத்தில் போட்டுவிட்டு, ஆள் தெரியவில்லை என்று அழுதுகொண்டிருந்தோம். கண்ணாடி போட்டதும் என் மனைவியைப் பார்த்து "துன்னியா?" என்று கேட்டார். வந்து சேர்ந்ததிலிருந்து பேசிய முதல் ஒழுங்கான வார்த்தை அது. கண்ணாடி, காது மெஷின், பல் செட், வீட்டுப் போர்வை, இவற்றை ஆம்புலன்ஸ் வருவதற்குள் பையில் போடுங்கள். டியூட்டி மாறும் ஒவ்வொரு முறையும் வருகிற நர்ஸிடம் "இவங்களுக்கு மறதி நோய் இருக்கு, ஆனா இப்ப இருக்கிறது புதுசு" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால், இந்த அம்மா எப்போதும் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். சிறுநீருக்கு டியூப் போட்டிருந்தால், இன்னும் தேவையா என்று தினமும் மரியாதையாகக் கேளுங்கள். டியூப் இருக்கும் வரை அதன் வழியாகவும் கிருமி வரும். எங்களுக்கு மூன்றாம் நாள் எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் உடனே தெளியவில்லை. ஆறு வாரம் ஆனது. ஒன்று மட்டும் திரும்ப வரவே இல்லை. அதற்கு முன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அதன் பிறகு நைனா மட்டும்தான்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் பார்க்கிறேன். அம்மாவுக்கு நோய் என்று தெரிந்து இரண்டு வருடம் ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம், வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். வீட்டிலிருந்து போன் வந்தால் லாரிகளுக்கு நடுவில் போய் நின்று பேசுவேன். பொய் சொல்லி லீவு எடுப்பேன். வார்டில் இருந்த ஆறு நாளில் பொய்கள் தீர்ந்துவிட்டன. திரும்பப் போனதும் மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். கதையாகச் சொன்னபோது அவர் பாவம் என்று உச்சுக் கொட்டினார், அவ்வளவுதான். அடுத்த வாரம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: எனக்கு காலை ஆறு மணி ஷிஃப்ட் நிரந்தரமாக வேண்டும், பதிலுக்கு யாருக்கும் பிடிக்காத ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். அன்றே சரி என்றார். இரக்கத்தைக் கேட்டால் இரக்கம்தான் கிடைக்கிறது. என்ன வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டால் அது கிடைக்க வழி உண்டு.

ஆறு மணி ஷிஃப்ட்டைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அம்மாவுக்கு மோசமான நேரம் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு. வெளிச்சம் மங்க மங்கப் பதற்றம் ஏறும். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு மணிக்கு விட்டாலும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் வீட்டுக்கு வர மூன்றரை ஆகும். அவசரம் என்றால் நான் பறந்து வர முடியாது. அதனால் நடந்து வரும் தூரத்தில் இருக்கும் ஒருவரிடம் சாவி, பணம், முடிவெடுக்கும் உரிமை மூன்றும் இருக்க வேண்டும். எங்களுக்கு அது பக்கத்து வீட்டு அக்கா. "எனக்குப் போன் பண்ணிட்டு காத்திருக்காதீங்க, முதல்ல 108, அப்புறம் நான்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். மனைவி வேலைக்குப் போகும் எட்டரையிலிருந்து நான் வரும் வரை அவர்தான் அம்மாவோடு. மாதம் ஆறாயிரம் கொடுக்கிறோம். அக்கம்பக்கம்தானே என்று சும்மா செய்யச் சொல்லவில்லை. சும்மா செய்யும் உதவி மூன்று மாதத்தில் சலித்துவிடும், அது அவர் குற்றம் இல்லை.

எண்ணூர் அக்காவால் தினமும் வர முடியாது. அவளுக்குப் போனிலேயே செய்கிற வேலையைக் கொடுத்தோம். மாத்திரை எப்போது தீரும், அடுத்த செக்கப் என்று, ஃபைல் எங்கே, எல்லாம் அவள் பொறுப்பு. வந்து பார்க்காதவள் என்ற பேச்சு சொந்தத்தில் நின்றுபோனது.

டாக்டர் கேட்ட அந்தக் கேள்விக்காகவே தினமும் எழுத ஆரம்பித்தேன். கிழிக்கிற நாள்காட்டி எல்லார் வீட்டிலும் இருக்கும். கிழித்த தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும், அதில் எழுதுகிறோம். தூக்கம், சாப்பாடு, குடித்தது எத்தனை டம்ளர், ஒண்ணுக்கு எத்தனை தடவை, மோஷன் போனாரா, போட்டு எத்தனை தடவை. கடைசியில் இருப்பது என் மனைவியின் யோசனை. அம்மா போட்டைப் பற்றி ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறார் என்று கோடு போட்டு எண்ணுவோம். முன்பு காது வலிக்கும் கேள்வி, இப்போது நாடி பார்ப்பது மாதிரி. ராத்திரி ஒரு நிமிட வேலை. தாள்களை ஒரு கிளிப்பில் மாட்டி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். யார் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடினாலும் கிளிப்போடு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஃபைலில் ஒரு தனித் தாள்: என்ன நோய்கள், என்ன மாத்திரைகள், எது ஒத்துக்கொள்ளாது, எப்போதும் எப்படி இருப்பார்.

தண்ணீர் குடிக்க வைப்பதுதான் பெரும்பாடு. அவருக்குத் தாகம் தெரிவதில்லை. "தண்ணி குடிம்மா" என்றால் மாட்டார். "ஏலம் ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரு டீ அடிச்சிட்டுப் போலாம்" என்றால் குடிப்பார். கடை டீ கிளாஸ் மாதிரியே ஆறு சின்ன கிளாஸ் வாங்கினோம். டீ, நீர்மோர், கேழ்வரகுக் கூழ் என்று மாற்றி மாற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பாத்ரூமுக்கும் அதே நேரக் கணக்கில் கூட்டிப்போவோம், கேட்டுவிட்டு இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு. சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, முடிந்ததும் அரை மணி நேரம் அப்படியே. சாய்ந்தபடி ஊட்டினால் சோறு மூச்சுக் குழாய்க்குள் போகும், அதிலிருந்து நெஞ்சில் தொற்று வரும்.

சர்க்கரை மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற பெண் பணியாளர் வீட்டிலேயே கொடுத்துவிடுகிறார். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம். சர்க்கரை, பி.பி. மாத்திரைக்கு மட்டும் இல்லை, நடக்க முடியாதவர்களுக்கு பிசியோதெரபியும் அதில் உண்டு, கேட்டுப் பாருங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து தொழிலாளர் காப்பீட்டுக்கு (இ.எஸ்.ஐ.) பிடிக்கிறார்கள் என்றால், உங்களைச் சார்ந்திருக்கும் அம்மா அப்பாவுக்கும் அதில் சிகிச்சை உண்டு. யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் முதியோருக்கான உதவி எண் 14567. கிண்டியில் 2024இல் முதியோருக்கென்றே தேசிய மையம் திறந்திருக்கிறார்கள், 200 படுக்கை. எங்களுக்கு அது தூரம், ஆனால் முதியோருக்குத் தனி டாக்டர் என்று ஒருவர் உண்டு என்பதே எனக்கு முன்பு தெரியாது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய் வேறு வந்து வீட்டுச் சுவரெல்லாம் கறுத்துப்போனது. அக்கா பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு அறையில் எட்டுப் பேர். அந்தக் கூட்டத்தில் அம்மா சமர்த்தாக ஒரு மூலையில் படுத்திருந்தார். தொந்தரவே இல்லை, பாவம் குளிருக்கு நல்லா தூங்குறாங்க என்று எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

8ஆம் தேதி ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் தாளை எழுத உட்கார்ந்தேன். தூக்கம், பகலிலும். சாப்பாடு, நாலு வாய். போட்டு என்று எழுதிவிட்டு நின்றேன். அன்றைக்கு ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. முந்தின நாள் தாளை எடுத்தேன், ஏழு கோடு. கிட்டே போய் பார்த்தால் மூச்சு வேகமாக ஏறி இறங்கியது. காய்ச்சல் இல்லை. இந்த முறை நெற்றியைத் தொட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. குழப்பம் என்றால் கத்துவதும் பிடுங்குவதும் மட்டும் இல்லை, இப்படி அடங்கிப்போவதும் அதே நோய்தான், கண்ணில் படாமல் போவதால் அதுதான் அதிக ஆபத்து என்று மே மாதமே டாக்டர் சொல்லியிருந்தார். தெருமுனை வரை நானும் என் மச்சானும் நாற்காலியில் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ பிடித்தோம். நெஞ்சில் தொற்று. ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்றார்கள். ஆன்டிபயாடிக், ஆக்சிஜன், நான்கு நாளில் வீடு. இந்த முறை கண்ணாடியும் போர்வையும் பையில் இருந்தன, கையை யாரும் கட்டவில்லை.

வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் பேச்சே இல்லை. தாளில் தூக்கம், கஞ்சி, டம்ளர் என்று எழுதிக்கொண்டே வந்தேன், கடைசி வரியில் ஒரு கோடும் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி கொலுசு மாதிரி ஏதோ சத்தம் கேட்டு முழித்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடி வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மணி இரண்டரை.

"போட்டு வந்துடுச்சா நைனா?"

"இன்னும் இல்லம்மா. ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றேன். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, ஆணியிலிருந்து கிளிப்பை எடுத்து அன்றைய தாளில் முதல் கோட்டைப் போட்டேன்.